பத்துமலைக்கு வந்த பாரம்

பத்துமலை செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "மனசு ரொம்பப் பாரமா இருக்குங்க ஐயரே" என்று சொல்லிவிட்டான். இதையே அவன் ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலியாட்களின் லயத்தில் சொல்லியிருந்தால், யாராவது ஒரு கிளாஸ் வரக்காப்பியைக் கையில் கொடுத்து, போய்ப் படு என்றிருப்பார்கள். அவன் சொன்ன இடம் மலாயாவின் ஈப்போ நகரில் அந்நாளில் இருந்த ஒரு மிஷனின் உபதேசியார் பயிற்சிச் சாலை.

மேலே போவதற்கு முன் இரண்டு சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன். மிஷன்காரர்கள் தங்கள் குருமாரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். ஆகவே இந்தக் கதையில் வரும் ஐயருக்குப் பூணூல் இல்லை, அங்கிதான் உண்டு. இரண்டாவது, மிஷன் தமிழில் பாரம் என்பது உங்களுக்கும் எனக்கும் நெஞ்சில் ஏறி உட்காருகிறதே, அந்தப் பாரம் அல்ல. ஊராருடைய ஆத்துமாக்கள் கெட்டுப்போகின்றனவே என்று ஊழியக்காரனுக்கு மேலிருந்து இறங்கும் வரம் அது. பாரம் உள்ளவன் நல்ல ஊழியக்காரன். பாரம் இல்லாதவன் சம்பளத்துக்கு வந்தவன். எனவே பயிற்சிச் சாலையில் பாரம் கேட்டு ஜெபிப்பார்கள், உனக்கு வந்ததா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள், திங்கட்கிழமைதோறும் கூட்டம் போட்டுப் பாரத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். பகிர்ந்துகொண்டதால் யாருக்காவது எடை குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம். ரப்பருக்கு நல்ல விலை. பேராக் முழுக்கக் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள், கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள், வெட்டின காட்டிலிருந்து கொசு கிளம்பியது, காய்ச்சல் வந்தது, லயங்களில் பச்சைக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. பயிற்சிச் சாலையிலே வேலைப் பங்கீடு ஒழுங்காக இருந்தது. கல்யாணமும் ஞானஸ்நானமும் பட்டம் பெற்ற ஐயர்மாருக்கு. குழந்தை அடக்கம் மாணவர்களுக்கு. மாணவர்களுக்குப் பயிற்சி வேண்டுமல்லவா.

பத்துமலை தோட்டத்தில் பிறந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவன். முருகன் மலையின் பெயர் வேண்டாம், அதை மாற்று என்று சொல்லி மிஷன் இரண்டு வருஷம் முயன்றது. சுவிசேஷநாதன் என்று ஒரு பெயர் வைத்தும் பார்த்தார்கள். கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்காததால் விட்டுவிட்டார்கள். மற்றபடி சொன்ன வேலையைச் செய்கிறவன். முதல் குழந்தையை அடக்கம் பண்ணிய அன்று அவன் சோறு சாப்பிடவில்லை. அடுத்தடுத்த அடக்க நாட்களில் சாப்பிட்டான். பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

அதைக் கண்டுபிடித்தவள் அவன் மனைவி நவமணி. சாலைக்குப் பின்னால் இருந்த ஓர் அறை வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். ஒரு நாள் ரசத்தில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். குடித்தான். மறுநாள் வாரிப் போட்டு வைத்தாள். அதையும் குடித்துவிட்டுக் கை கழுவினான்.

"ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல."

"அழுகை வருதா?"

"வரமாட்டேங்குது."

"அப்ப என்னதான் இருக்கு உள்ள?"

பத்துமலை யோசித்தான். "கால் மரத்துப்போனா ஊணி நிக்கிறோம் இல்ல, அந்த மாதிரி இருக்கு. கால் இருக்குன்னு தெரியுது. நம்ம காலுன்னு தெரியல." பிறகு அவனே சொன்னான்: "நம்ம பிள்ளை வரப்போவுது. அதைக் கையில வாங்கும்போது எனக்கு ஏதாச்சும் தோணணும் நவமணி. அது போதும். சாவு வீட்டுக்குப் போகாம கொஞ்ச நாளு இருந்தா சரியாயிடும்னு நெனைக்கிறேன்."

"அப்ப லீவு கேளுங்க லா."

"எதுக்குன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது?"

அவளும் யோசித்தாள். "மனசு பாரமா இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். அது சரியான வார்த்தை இல்லை என்று இருவருக்கும் தெரியும். பாரமாக இருந்தால்தான் தேவலையே. ஆனால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அப்படித்தான் அவன் திங்கட்கிழமை எழுந்து நின்றது.

சாலைத் தலைவர் ஞானாபரணம் ஐயர் நாற்காலியை விட்டு இறங்கி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். நல்ல உயரம், நல்ல குரல், திருநெல்வேலியிலிருந்து வந்தவர்.

"கேட்டீர்களா பிள்ளைகளே. பாரம். இதற்காகத்தான் இந்தச் சாலையைக் கட்டினோம். எனக்குப் பாரம் வரவே பதினோரு வருஷம் ஆயிற்று. இப்போதும் மழைக்காலத்தில்தான் வரும், வெயில் வந்தால் போய்விடும். நம்முடைய சகோதரனுக்கு இரண்டாம் வருஷத்திலேயே வந்திருக்கிறது."

"அதில்லீங்க ஐயரே. எனக்குக் கொஞ்ச நாளு லீவு வேணும்."

"பார்த்தீர்களா, தனிமையைத் தேடுகிறான். அதுதான் அடையாளம்" என்றார் ஐயர். "மகனே, பாரம் உள்ளவனுக்கு ஓய்வு என்பது பாவம் அல்ல. ஆனால் பாரம் இல்லாதவர்கள் இத்தனை பேர் ஓய்வாக இருக்கிறோம், நீயும் சேர்ந்துகொண்டால் வேலையை யார் பார்ப்பது?"

எல்லாரும் எழுந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். சாயங்காலம் பத்துமலையின் பொறுப்பில் மேலும் இரண்டு தோட்டங்கள் சேர்க்கப்பட்டன. காய்ச்சல் அதிகமுள்ள தோட்டங்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பாரத்தை வீணாக்கக் கூடாதென்று ஐயருக்கு எண்ணம்.

"நீங்க வார்த்தைய மாத்திச் சொல்லுங்க" என்றாள் நவமணி. அவன் மறுவாரம் ஐயரின் அறைக்கே போனான். பாரம் என்ற சொல்லைத் தொடவே கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு போனான்.

"ஐயரே, எனக்கு ஒண்ணுமே தோணலீங்க. தாய்க்காரி மண்ணுல பொரண்டு அழுவுறா. நான் சுவரு மாதிரி நிக்கிறேன்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "சமாதானம்" என்றார் தணிந்த குரலில். "புயலிலும் அசையாத சமாதானம். பாரம் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் சமாதானமுமா."

"தூக்கமும் வரலீங்க."

"விழித்திருத்தல்." ஐயர் சமாதானத்துக்கு ஒன்று, இதற்கு ஒன்று என்று இரண்டு விரல்களை மடக்கினார்.

"சோறு ருசிக்கலீங்க."

"உபவாசம்."

"யாருகூடயும் பேசப் புடிக்கலீங்க."

"மௌனம்." நான்காவது விரலையும் மடக்கிவிட்டு, மிச்சமிருந்த கட்டைவிரலை ஆவலோடு பார்த்தார். "வேறு ஏதாவது உண்டா மகனே? வெட்கப்படாமல் சொல்."

பத்துமலைக்கு இன்னும் ஒன்று இருந்தது. சைக்கிளில் வரும்போது ரயில் கேட் பக்கம் இறங்கி வெகுநேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது. அதற்கும் ஐயர் ஒரு பெயர் வைத்திருப்பார் என்று தோன்றியதால் அவன் சொல்லவில்லை. இதைச் சொல்லாததற்காக நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

அதன் பிறகு சாலையில் ஒரு புதிய பாடம் தொடங்கியது. பாரம் அடையும் முறை என்று பெயர். வகுப்பின் முன்னால் ஒரு நாற்காலி போட்டுப் பத்துமலையை உட்கார வைப்பார்கள். அவன் ஒன்றும் பேச வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்தால் போதும். ஐயர் பிரம்பை வைத்துக்கொண்டு விளக்குவார். தோள் எப்படித் தொங்குகிறது, பார்வை எங்கே நிற்கிறது, கேள்வி கேட்டால் எவ்வளவு நேரம் கழித்துப் பதில் வருகிறது என்பதையெல்லாம் கவனிக்கச் சொல்வார். மாணவர்கள் சீக்கிரத்தில் தேறினார்கள். ஒரு மாதத்துக்குள் சாலையில் சவரம் செய்துகொள்கிறவர்கள் அருகிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் பாதி இலையோடு எழுந்து பெருமூச்சு விட்டுப் போவார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே போய், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடையில் ரொட்டி சாப்பிடுவார்கள். அந்தக் கடைக்காரருக்கு மிஷன் மேல் மிகுந்த மதிப்பு உண்டாயிற்று.

பரீட்சையும் வைத்தார்கள். பழனியப்பன் என்று ஒரு மாணவன், இவனும் பழைய பெயரை விடாதவன், கொழுத்தவன், சந்தோஷி, சீட்டி அடித்ததற்காக இரண்டு முறை கண்டிக்கப்பட்டவன். அவன் கண்ணுக்குக் கீழே தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து முதல் மார்க் வாங்கினான். பத்துமலைக்குக் கடைசி இடம். கண்ணீர் இல்லை என்று குறைத்துவிட்டார்கள்.

பழனியப்பன் அன்று சாயங்காலம் கிணற்றடியில் பத்துமலையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நீ எப்படி அந்தச் சுவரையே அவ்ளோ நேரம் பாக்குற? எனக்குப் பசி வந்துடுது லா."

"நான் பாக்கல. கண்ணு அங்க போயி நின்னுக்குது."

"வேணும்னா எடுத்துடலாம் இல்ல?"

"தெரியலடா. எடுக்கணும்னு தோணல."

பழனியப்பன் சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். தைலத் தேய்ப்பெல்லாம் செய்தாலும் மனுஷன் நல்லவன். அவனுக்குப் பயமாகிவிட்டது. நேரே ஐயரிடம் போய், பத்துமலைக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொன்னான். முதல் இடத்தில் இருப்பவன் கடைசி இடத்தில் இருப்பவன் மேல் பொறாமைப்படுவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஐயர் வருந்தி, அவனுக்கு ஐந்து மார்க் குறைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மிஷனுக்கெல்லாம் மேலதிகாரியான பிராட்வெல் துரை தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு வந்தார். துரை தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர். யாராவது பேச்சுத் தமிழில் பேசினால் திருத்துவார். பாரமுள்ள மாணவனைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். அவனை அழைத்து வந்து நிறுத்தினார்கள். அவன் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், நிறைவயிற்றைத் தாங்கிக்கொண்டு நவமணி உள்ளே வந்துவிட்டாள். ஐயர் முகம் சுளித்தார். துரை நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"தொரைங்களே, இவரு தூங்குறதில்ல, திங்குறதில்ல, சுவரையே பாத்துக்கிட்டு இருக்காரு. பாரம் கீரம் ஒண்ணும் இல்லீங்க. சீக்கு."

துரை ஆதரவாகத் தலையசைத்தார். "அம்மையே, யான் நன்கு அறிவேன். சென்ற ஆண்டு எனக்கும் இவ்வாறே நேர்ந்தது. உண்ண இயலவில்லை, உறங்க இயலவில்லை. சுவரையே நோக்கியிருந்தேன். மருத்துவர் அதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் இட்டு, தைப்பிங் மலைமேல் உள்ள பங்களாவுக்கு என்னை அனுப்பினார். அங்கே குளிர், ரோஜாச் செடிகள். ஒருவரும் என்னை ஒரு வேலையும் ஏவவில்லை. இரண்டு திங்களில் நலம் பெற்றேன்."

நவமணிக்கு உயிர் வந்தது. "அதேதாங்க. அதே சீக்குதான் இவருக்கும். பங்களால்லாம் வேணாங்க. சும்மா விட்டா போதும்."

துரை குழம்பினார். இது அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "அஃது எங்ஙனம்? அது வெப்ப நாட்டில் வாழும் ஐரோப்பியருக்கு வரும் நோய். உம் கணவர் இந்நாட்டிலேயே பிறந்தவர் அன்றோ?"

ஞானாபரணம் ஐயர் உதவிக்கு வந்தார். "அம்மா, துரைமாருக்கு நரம்பு இருக்கிறது. நமக்கு ஆத்துமா இருக்கிறது" என்றார். சொன்ன விதத்தைப் பார்த்தால் இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றாள் நவமணி. "பிள்ளை பொறக்குற வரைக்கும் இவரை எழவு வீட்டுக்கு அனுப்பாதீங்க. அவ்ளோதான் கேக்குறேன்."

துரை மனம் இளகினார். கமிட்டியைக் கூட்டினார். கமிட்டி இரண்டு முடிவுகள் எடுத்தது. முதலாவது, பத்துமலைக்கு ஒரு வருஷம் முன்னதாகவே குருப்பட்டம் அளிப்பது. இரண்டாவது, சகோதரியின் விண்ணப்பத்தை ஜெபத்தில் வைப்பது. மிஷனில் ஒரு காரியம் ஜெபத்தில் வைக்கப்பட்டால் அதற்கு அர்த்தம், அதை இனிமேல் யாரும் கையால் தொடமாட்டார்கள் என்பது. நடுவில் குறுக்கிடுவது அவிசுவாசமாகிவிடும்.

இவ்வளவும் நடந்தபோது பத்துமலை அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். குருப்பட்டம் என்றதும் எல்லாரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கொடுத்த கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கடைசி ஆள் போன பிறகும் கை நீட்டியபடியே இருந்தது. நவமணிதான் அதைப் பிடித்துக் கீழே விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "போயிடலாங்க. பாரிட் புந்தார் பக்கம் எங்க சின்னம்மா வீடு இருக்கு. வயக்காட்டு வேல பாக்கலாம்."

"போலாம்" என்றான் அவன்.

"எப்ப போலாம்?"

"நீ சொல்லு."

"ஒங்களுக்குப் போகணும்னு இருக்கா இல்லையா?"

அவன் மனசுக்குள் தேடிப் பார்த்தான். இருந்தால் சொல்லியிருப்பான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். அப்போதுதான் அவளுக்கு முதல் முறையாக அவனைக் கண்டு பயம் வந்தது. அடிக்கிற புருஷனுக்குப் பயப்படலாம், குடிக்கிற புருஷனுக்குப் பயப்படலாம், அவள் பார்த்த பெண்கள் எல்லாரும் அந்த மாதிரிப் பயத்தோடுதான் இருந்தார்கள். இந்தப் பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிறைமாதத்தில் ஊர்ப் பயணம் ஆகாது என்று மருத்துவச்சி ராக்காயி தடுத்துவிட்டாள். அவர்கள் போகவில்லை.

பிள்ளை பிறந்த அன்று காலையில் பத்துமலைக்கு இரண்டு அடக்கங்கள் இருந்தன, இரண்டும் ஒரே லயத்தில். முடித்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே சைக்கிளில் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான். வாசலில் ஞானாபரணம் ஐயர் குடையோடு நின்றிருந்தார். குருப்பட்டத்துக்கு முந்தின வாரம் பிள்ளை பிறப்பது நல்ல அடையாளம் என்று அவருக்குப் பட்டதால், ஜெபம் பண்ண அவரே நேரில் வந்திருந்தார்.

"பெண் குழந்தை. உள்ளே போ மகனே" என்றார்.

உள்ளே மண்ணெண்ணெய் வாடையும் வெந்நீர் ஆவியுமாக இருந்தது. நவமணி பாயில் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்காயி, குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை எடுத்து வந்தாள். பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தது.

பத்துமலை ஈரச் சட்டையோடு இரண்டு கையையும் சமமாக நீட்டி வாங்கிக்கொண்டான். தலை ஆடாமல், துணி விலகாமல், பழகின கை வாங்குவதுபோல வாங்கினான். ராக்காயிக்கே ஆச்சரியம். தலைப்பிள்ளைக்காரன் எவனும் இப்படிப் பதறாமல் வாங்கி அவள் பார்த்ததில்லை. அவன் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். துணியின் ஓரத்தைச் சரி செய்தான். பிறகு, வீட்டுக்காரர்களுக்கு நோகாத தணிந்த குரலில் கேட்டான்:

"எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

இழவு வீட்டுக்குள் நுழைந்ததும் உபதேசியார் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அதைத் தெரிந்துகொண்டால்தான் குழி வெட்ட ஆள் சொல்ல முடியும். ராக்காயி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

வாசலிலிருந்து ஐயரின் குரல் கேட்டது. "பிள்ளை பிறந்த நேரத்திலும் ஊழிய நினைவு. இதை நான் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்லாமல் விடப்போவதில்லை."

நவமணி பாயிலிருந்து கையை ஊன்றி நகர்ந்து வந்தாள். "எடுக்கல" என்றாள். "யாரும் எடுக்கல. இது நம்ம பிள்ளை. உசுரோட இருக்கு. தொட்டுப் பாருங்க." அவன் விரலைப் பிடித்து அவளே குழந்தையின் கன்னத்தில் வைத்தாள்.

அவன் சொன்னபடி தொட்டுப் பார்த்தான். "ஆமா" என்றான். "சூடா இருக்கு."

அவள் காத்திருந்தாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் ஏதாவது வருமா என்று அவள் பார்த்தாள். அவனும் வர வேண்டும் என்றுதான் நின்றான். கன்னத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை. எவ்வளவோ நேரம் அப்படியே நின்றான். குழந்தை தூக்கத்தில் ஒரு முறை வாயைச் சப்பியது.

பிறகு அவன் அதைப் பத்திரமாக அவள் மடியில் வைத்தான்.

"அப்ப நான் போலாமா?" என்று கேட்டான். "இன்னொரு தோட்டத்துல காத்துக்கிட்டு இருப்பாங்க."

வெளியே ஞானாபரணம் ஐயர், நனைந்துவிடக் கூடாதே என்று அவனுடைய சைக்கிளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.